பார்க்கப் போனோம்

ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் தப்பு என்று இன்றைக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். மாடி வீட்டு அண்ணன் சொன்னார். கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி சொன்னார். ஊரிலிருந்து போனில் என் நாத்தனார்கூட, ஏன் அண்ணி போனீங்க என்று கேட்டாள். எனக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. கூட வேலை பார்க்கிறவன் கால் உடைந்து கிடக்கும்போது, போய் ஒரு எட்டுப் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிறவன் மனிதனா? நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீட்டுப் பெண் நான். நாளைக்கே இன்னொரு தடவை நடந்தாலும் போவேன். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு வெளிநாட்டு ஊரில் இரண்டு வருட ஒப்பந்தம். ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. உறைந்த பெட்டிகளை அடுக்கு அடுக்காகத் தூக்கிக்கொண்டு போய் லாரிக்குள் வைக்க வேண்டும். உள்ளே போனால் மீசையில் பனி பிடித்துவிடும், வெளியே வந்தால் அது உருகி வாயில் வழியும். ஊரிலும் அவருக்கு இதே தொழில்தான். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்ததெல்லாம் அந்த வண்டியின் லைசென்ஸை அவர் கண்ணாடித் தாளில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பதைத்தான். அது போனால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது. ஆணி அடிக்கச் சொன்னால்கூட விரலில் அடித்துக்கொள்வார்.

எனக்கு ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. துவைத்த படுக்கை விரிப்புகள் சூடான உருளைக்குள் போய் மறுபக்கம் இஸ்திரியாகி வரும். இந்த முனையை நான் பிடிக்க, அந்த முனையை இன்னொருத்தி பிடிக்க, இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நடந்து வந்து மடிப்போம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை அவள் கை என் கையைத் தொடும். இப்படி எட்டு மாதம் போனது. ஒரு நாள் அவள் கட்டைவிரலில் பெரிய கட்டோடு வந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். அவள் சிரித்து மழுப்பினாள். மறுநாளும் கேட்டேன், டாக்டரிடம் காட்டினாயா, வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று. சாயங்காலம் மேற்பார்வைக்காரி என்னைத் தனியே கூப்பிட்டு, அடுத்தவர் சொந்த விஷயத்தில் தலையிடக் கூடாது என்று பாடம் நடத்தினாள். கண்ணுக்கு நேரே கட்டுப் போட்ட விரல் ஆடிக்கொண்டிருக்கிறது, அது சொந்த விஷயமாம்! அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் நாலாக மடிக்க வேண்டிய விரிப்பை ஆறு மடிப்பாக மடித்துத் தொலைத்தேன்.

அந்த ஊர் கெட்ட ஊர் என்று நான் சொல்லவில்லை. வரிசையில் நிற்பார்கள், குப்பை போட மாட்டார்கள், பஸ் நேரத்துக்கு வரும். ஆனால் யாருக்கும் யார் வீட்டு வாசற்படியும் தெரியாது. எதிர்வீட்டில் ஒரு மனிதர் செத்துப்போனதே, அவர் வீட்டுச் சாமான்களை வேன் வைத்து ஏற்றும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று நினைத்து, அவர் செடிக்கு நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

சலவைக்கூடத்துச் சத்தத்திலும் எப்படியோ அந்த ஊர் மொழி எனக்கு நாக்கில் ஏறிவிட்டது. இலக்கணம் தப்பும், ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரருக்கு அது ஏறவே இல்லை. வண்டியோடு பேச எதற்கு மொழி? அவருக்குத் தெரிந்தது ஏழெட்டு வாக்கியம். வழி விடு, நிறுத்து, பின்னால் பார், அப்புறம் என் தப்பு. அந்தக் கடைசி வாக்கியம் கிடங்கில் ஓயாமல் காதில் விழுவது. தோளில் இடித்தால் என் தப்பு, அடுத்தவன் கோப்பையை மாற்றி எடுத்தால் என் தப்பு, கதவைத் திறந்துபோட்டுப் போனால் என் தப்பு. சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அதனால் அவர் வாயிலும் அது தண்ணீர்பட்ட பாடாக வந்தது. சின்ன விஷயத்துக்கெல்லாம் அந்த வார்த்தையை அள்ளி இறைத்துவிட்டு, பெரிய விஷயம் என்றால் அதையே பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்கிற ஊர் அது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அவரோடு ஜோடியாக வேலை பார்த்தவன் அந்த ஊர்க்காரன். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். நாங்கள் வீட்டில் அவனை நெட்டையன் என்றுதான் சொல்வோம். இவர் பெட்டிகளோடு வண்டியை ஓட்டி வர, அவன் லாரிக்குப் பக்கத்தில் நின்று கை காட்டுவான். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முதல் நாள் இவர் விரல் விறைத்து நின்றபோது, ஒரு கையுறைக்கு மேல் இன்னொன்றை எப்படிப் போடுவது என்று அவன் காட்டிக் கொடுத்தானாம். அதை இவர் என்னிடம் ஒரு பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

கிடங்குத் தரைக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு இரும்புத் தட்டு போட்டிருக்கும். அதன் மேல் ஏறித்தான் வண்டி லாரிக்குள் போக வேண்டும். அந்தத் தட்டைப் பிடித்து நிறுத்துகிற கொக்கி தேய்ந்துபோய் ஆடிக்கொண்டிருந்தது. இவரும் நெட்டையனும் சேர்ந்தே போய் சூப்பர்வைசரிடம் கையால் ஆட்டிக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அவன் சொன்னது இரண்டு தடவை. மூன்றாவது தடவை சொல்வதற்குள் தட்டே நழுவிவிட்டது. வண்டி ஒரு பக்கம் சாய, மேலிருந்த பெட்டிகள் மொத்தமும் நெட்டையன் மேல் சரிந்தன. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. இவர் குதித்து ஓடிப்போய்ப் பெட்டிகளைக் கையால் தூக்கி எறிந்திருக்கிறார். மற்றவர்கள் இவரைப் பிடித்து இழுத்து, தொடாதே, தொடாதே என்றார்களாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் சொன்னேன். விசாரணை முடிகிற வரைக்கும் யாரும் அவனைப் பார்க்கவோ பேசவோ கூடாது என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள் என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

“பார்க்கக் கூடாதா? எவன் சொன்னது? அவன் என்ன கொலை பண்ணிட்டு ஜெயில்லயா இருக்கான்? கால் ஒடைஞ்சு கெடக்கறான். நீங்க ஓட்டின வண்டியில இருந்து விழுந்திருக்கு. நீங்க போகலன்னா வேற யாருங்க போவாங்க?”

அவர் எழுந்து சட்டையை மாற்றினார். அவருக்கும் போக வேண்டும் என்றுதான் இருந்தது, யாராவது ஒருத்தர் தள்ளிவிட வேண்டியிருந்தது. வழியில் ஆப்பிளும் ஆரஞ்சும் ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவும் வாங்கிக்கொண்டோம்.

ஆஸ்பத்திரி அறையில் நெட்டையனும் அவன் மனைவியும் மட்டும். அவன் கால் ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டில் அவனுக்குப் போதவில்லை, நல்ல கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள். கம்பெனி அனுப்பியதா என்று கேட்டாள். இல்லை, நாங்களாக வந்தோம் என்றேன். எதற்கு என்று கேட்டாள். அடிப்பாவி, இதற்கு ஒரு எதற்கா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, பார்க்கத்தான் என்றேன். இவர் நேராகக் கட்டிலுக்குப் போய் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என் தப்பு என்றார். அவர் அந்த ஊர் மொழியில் பிசகில்லாமல் சொல்லத் தெரிந்த ஒரே வாக்கியம் அதுதானே. என் தப்பு, என் தப்பு என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் பக்கத்தில் நின்று, நாங்கள் பார்த்து நடந்திருக்க வேண்டும், அன்றைக்குக் காலையிலேயே எனக்கு மனசு சரியில்லை, நான் இவரை வேலைக்கு அனுப்பியதே தப்பு என்று என் பங்குக்குச் சொன்னேன்.

வேறு என்ன சொல்வது? நம் ஆட்களில் யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால் அப்படித்தானே சொல்வோம்? பிள்ளை கீழே விழுந்தால் அம்மா சொல்வாள், நான் அந்தப் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது என்று. அப்பா சொல்வார், நான் அந்த வண்டியை வாங்கிக் கொடுத்திருக்கக் கூடாது என்று. மாமா வந்து, நான் அன்றைக்கு வரேன் என்று சொல்லிவிட்டு வராமல் போய்விட்டேனே என்பார். சுமையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தால் அடிபட்டவனுக்குக் கொஞ்சம் லேசாகும். அந்த நேரத்தில் எவனாவது நின்று என் மேல் தப்பில்லை என்று சொன்னால், அவனை எந்தக் காலத்திலும் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள்.

நெட்டையன் இவர் கையை விடாமல் பிடித்திருந்தான். அவன் மனைவி பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கீழே வைக்கத் தோன்றாமல் கடைசிவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது அவன் ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரர் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு மனிதர், கசங்காத கோட்டு, பேசும்போது பேனாவைத் திறந்து திறந்து மூடுவார். நீங்கள் அடிபட்டவரைச் சந்தித்து, விபத்து உங்கள் தவறு என்று ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் விசாரணை முடிகிறவரை வண்டியைத் தொடக் கூடாது என்றாராம். தவறு உறுதியானால் லைசென்ஸ் ரத்து. லைசென்ஸ் ரத்தானால் அந்த ஊரில் தங்கி வேலை பார்க்கிற பர்மிட்டும் ரத்து. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எவனும் அவரை வண்டியில் ஏற்ற மாட்டான். விசாரணைக்கு, மனைவியைத் தவிர மொழி தெரிந்த ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

நான் முதலில் திட்டித் தீர்த்தது நெட்டையன் மனைவியைத்தான். அந்த அறையில் எங்களைத் தவிர இருந்தது அவர்கள் இரண்டு பேர். அவனுக்கு வலி மருந்தில் கண் பாதி சொருகியிருந்தது. வேறு யார் சொல்லியிருப்பார்கள்? பழத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நைசாக வத்தி வைத்துவிட்டாள் பாவி என்று வீட்டில் பாத்திரத்தை எல்லாம் உருட்டினேன். அந்த ஆரஞ்சு அவள் தொண்டையில் சிக்கட்டும் என்றுகூடச் சொன்னேன். இவர் சும்மா இரு என்றார். நான் சும்மா இருக்கவில்லை.

மாடி வீட்டு அண்ணன் எங்கள் ஆள், அந்த ஊரில் இருபது வருடமாக இருக்கிறவர். யாருக்கு எந்த அலுவலகத்தில் வேலை ஆக வேண்டுமென்றாலும் கூட வந்து பேசிக் கொடுப்பார். நல்ல மனிதர், அதை மறுக்க முடியாது. விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, ஒரு வார்த்தை மாடிக்கு வந்து என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? இங்க மன்னிப்புன்னு ஒண்ணு கேட்டா அது வாக்குமூலம். கார் இடிச்சாக்கூட இறங்கி ஸாரி சொல்லக் கூடாதுன்னு ஓட்டக் கத்துக்கும்போதே சொல்லிக் குடுப்பாங்க. நீங்க என்னடான்னா பழத்தோட போய்க் குடுத்துட்டு வந்திருக்கீங்க.”

அப்படியானால் அடிபட்டவன் அநாதை மாதிரிக் கிடக்க வேண்டியதுதானா என்று கேட்டேன். அதற்கெல்லாம் கம்பெனி, இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கிறது என்றார். இன்சூரன்ஸ் வந்து கையைப் பிடித்துக்கொள்ளுமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தம்பி, உன் வீட்டம்மாவைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல் என்று இவரிடம் சொல்லிவிட்டு, விசாரணையில் என்ன சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்.

சொல்ல வேண்டியது இதுதான். எங்கள் ஊரில் யாருக்கு அடிபட்டாலும் போய்ப் பார்ப்பவர்கள் அப்படிச் சொல்வது வழக்கம். அது வெறும் வார்த்தை. அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. இவரை அதைப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரித் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். அர்த்தம் ஒன்றும் கிடையாது என்ற இடம் வரும்போதெல்லாம் இவர் குரல் உள்ளே போனது. அண்ணன், சத்தமாகச் சொல் தம்பி என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அழுதது பொய்யா? இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தது வழக்கமா? உள்ளே போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாசல்வரை போனேன். அவர் சட்டைப்பையில் அந்த லைசென்ஸ் தெரிந்தது. திரும்பி வந்து அடுப்பைத் துடைத்தேன்.

விசாரணை நடந்தது கிடங்கின் மாடியில், கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு அறையில். நீளமான மேஜை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில், ஏதோ விருந்து மாதிரி. கீழே பார்த்தால் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் வண்டியை வேறொருத்தன் ஓட்டினான். நெட்டையனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள் அவன் மனைவி. கட்டுப் போட்ட கால் ஒரு பலகை மேல் நீட்டியிருந்தது. ஆள் இளைத்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போன நாங்கள் இரண்டு பேருமே சாட்சி என்பதால் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். நான் அவளைப் பார்க்காமல் வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அவளைத்தான் கேட்டார் அதிகாரி. ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னார். அவள் பேச ஆரம்பித்தாள். அண்ணன் இவர் காதில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார், எனக்கு அவர் உதவி தேவைப்படவில்லை. எத்தனை வருடம் இந்தக் கிடங்கில் வேலை பார்த்திருக்கிறார் என் கணவர், ஒருத்தர் வரவில்லை என்றாள். போன் மட்டும் வந்தது, அதுவும் கேள்வி கேட்பதற்கு. யாராவது வந்தார்களா என்று இன்சூரன்ஸ்காரர் கேட்டபோது, ஆமாம், இரண்டு பேர் வந்தார்கள், வெளிநாட்டுக்காரர்கள், பழம் கொண்டுவந்தார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அந்த மனிதர் என் கணவரின் கையைப் பிடித்து அழுதார், தன் தப்பு என்றுகூடச் சொன்னார், அன்றைக்குத்தான் என் கணவர் வாய் திறந்து சாப்பிட்டார் என்றாள். நல்ல மனிதர் என்று சொல்வதற்காகத்தான் சொன்னேன், அதை நீங்கள் இப்படி எழுதுவீர்கள் என்று தெரியாது என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தாள்.

ஒரு வாரமாக நான் அவளைத் திட்டாத திட்டு இல்லை. எனக்கு மேஜைக்கு அடியில் புகுந்துவிடலாம் போல இருந்தது.

அடுத்து இவரைக் கேட்டார்கள். தப்பை ஒப்புக்கொண்டது உண்மையா? இவர் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு, சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தார்.

“எங்க ஊர்ல யாருக்கு அடிபட்டாலும் அப்படித்தான் சொல்வோம். அது வார்த்தைக்குச் சொல்றது. அதுக்கு அர்த்தம் ஒண்ணும் கிடையாதுங்க.”

அண்ணன் அதை அந்த ஊர் மொழியில் மாற்றினார். அழகாக மாற்றினார், பாவி மனிதர். இவர் விழுங்கி விழுங்கிச் சொன்னது அந்த மொழியில் பளபளவென்று வெளியே வந்தது. அது ஒரு சடங்கு வார்த்தை, உணர்ச்சியோ உண்மையோ அதில் இல்லை, யாருக்கும் சொல்வார்கள் என்று தன் கைச்சரக்கையும் சேர்த்தார். அதிகாரிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இவ்வளவுதானே என்கிற மாதிரி பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.

அந்தத் தட்டு, அதன் கொக்கி, சூப்பர்வைசரிடம் இரண்டு தடவை சொன்னது என்று இவர் ஆரம்பித்தார். அது வேறு விஷயம், அதற்கு வேறு குழு இருக்கிறது என்று அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு நெட்டையனிடம், பெட்டி விழுந்தபோது வண்டி வரும்போது ஆள் நிற்கக் கூடாது என்று தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்றாயா, வெளியே நின்றாயா என்று கேட்டார். உள்ளே நின்றேன், உள்ளே நிற்காமல் எப்படிக் கை காட்டுவது, எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள் என்றான் அவன். உள்ளே என்ற ஒரு சொல்லை மட்டும் அதிகாரி எழுதிக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது, அந்த மேஜையில் எல்லோரும் சேர்ந்து ஒரு சுமையை அடுத்தவன் மடிக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்று. கம்பெனி எங்கள் மடியில் வைத்தது. நாங்கள் தட்டிவிட்டோம். இப்போது அது கால் உடைந்தவன் மடியிலேயே போய் உட்கார்ந்துவிட்டது. கொக்கியை மாற்றாதவன் கீழே எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருக்கிறான். அந்தத் தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கண்ணாடிச் சுவரில் அடிக்க வேண்டும் போல எனக்குக் கை பரபரத்தது. பரபரத்தால் போதுமா? கையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

நெட்டையன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். உணர்ச்சியோ உண்மையோ இல்லை என்று அண்ணன் சொன்ன இடத்திலேயே அவன் முகம் நின்றுவிட்டது. இவரை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் கட்டுப் போட்ட தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் அவ்வளவு நேரம் இவர் கையை விடாமல் பிடித்திருந்தவன், இப்போது அந்தக் கையை மடியில் போர்த்தியிருந்த கம்பளிக்குள் இழுத்து வைத்துக்கொண்டான். அவன் மனைவி அவன் தோளில் கை வைத்தாள்.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவரிடம் இருந்த ஏழெட்டு வாக்கியத்தில் ஒன்றுகூட அதற்கு உதவாது. தமிழில்தான் சொன்னார், நெட்டையனைப் பார்த்து.

“நான் சும்மா சொல்லலப்பா. மனசாரத்தான் சொன்னேன். இன்னும் கொஞ்சம் மெதுவா வந்திருக்கணும் நான். என் தப்புதான்.” அண்ணன் பக்கம் திரும்பி, “இதை அவன்கிட்ட சொல்லுங்கண்ணே” என்றார்.

அண்ணன் சொல்லவில்லை. அதிகாரியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, உதடு அசையாமல் தமிழில் சொன்னார்.

“தம்பி, உக்காரு. இதை நான் சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன். உக்காரு.”

இவர் உட்காரவில்லை. சொல்லுங்கண்ணே, சொல்லுங்கண்ணே என்று இரண்டு தடவை கெஞ்சினார். என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். முடிந்ததா, போகலாமா என்று கேட்கிறார் என்று அண்ணன் கூசாமல் சொன்னார். அதிகாரி தாள்களை அடுக்க ஆரம்பித்தார். பேனா மட்டும் இன்னும் திறந்தபடி மேஜை மேல் கிடந்தது.

நெட்டையன் அண்ணனை நம்பவில்லை. போகலாமா என்று கேட்கிற மனிதன் கண் கலங்கி நிற்பானா? அவன் என் பக்கம் திரும்பினான். ஆஸ்பத்திரியில் நான்தானே அவர்களோடு பேசினேன், எனக்கு மொழி தெரியும் என்று அவனுக்குத் தெரியும். உன் கணவர் என்ன சொன்னார் என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான், ஆனால் அறையில் எல்லோரும் திரும்பிவிட்டார்கள்.

சொல்வதற்கு எனக்கு வார்த்தை இருந்தது. மனசு என்பதற்கு அந்த மொழியில் என்ன என்று தெரியும், மெதுவாக வந்திருக்க வேண்டும் என்று சொல்லத் தெரியும், இலக்கணம் தப்பினாலும் அவனுக்குப் புரிந்திருக்கும். இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், சொல்லு என்று. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், சொல்லிவிடாதே அம்மா என்று. அதிகாரியின் விரல் பேனா மேல் இருந்தது. யாருக்கும் பயப்படாமல் வாயாடுகிறவள் என்று பெயர் வாங்கியவள் நான். பழம் வாங்கிக்கொண்டு போனவள், இன்சூரன்ஸ் கையைப் பிடிக்குமா என்று கேட்டவள்.

ஒன்றுமில்லை என்றேன். அவன் மொழியில், இலக்கணம் தப்பாமல்.

நம் ஆட்களிடம் ஒருத்தி ஒன்றுமில்லை என்று சொல்லிப் பார்க்கட்டும், யாராவது நம்புவார்களா? ஒன்றுமில்லை என்றால் முகம் ஏன் இப்படி இருக்கிறது, மறைக்காமல் சொல்லு என்று பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். அவன் அப்படி இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், லைசென்ஸாவது பர்மிட்டாவது என்று எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். படுபாவி, கேட்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டான். தலையை ஆட்டினான், எனக்கு நன்றி சொன்னான், வீட்டுக்குப் போகலாம் என்று மனைவியிடம் சொன்னான்.